கிராவல் குழியில் கிடைத்த கோடரி

2018 ஜூலை. இங்கிலாந்தில் வரலாறு காணாத வெயில். நமக்கு அது ஒரு சாதாரண மாசிமாத வெயிலாக இருக்கலாம். அவர்களுக்கு அது அக்கினி நட்சத்திரம்! ஊர் முழுக்கப் புல்வெளிகள் காய்ந்து பழுப்பாகிவிட்டன. டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் என்று ஒரு பெரிய பிரபு மாளிகை உண்டு. டெவன்ஷயர் டியூக் குடும்பத்துக்குச் சொந்தமானது. அந்த மாளிகைக்கு எதிரே இருக்கும் பரந்த புல்தரையும் காய்ந்தது. காய்ந்த புல்லில் மெல்ல மெல்லச் சில கோடுகள் தெரிய ஆரம்பித்தன. வளைவுகள், சுருள்கள், நடைபாதைகள்... யாரோ பெரிய கோலம் போட்ட மாதிரி!

பேய் பிசாசு எதுவும் இல்லை. 1699-ல் அங்கே ஒரு பிரம்மாண்டமான பூந்தோட்டம் போட்டிருந்தார்கள். 1730-களில் ஃபேஷன் மாறிவிட்டது. 'பாத்தி கட்டிய தோட்டமெல்லாம் பழசு, பச்சைப் புல்வெளிதான் அழகு' என்று அதன் மேலேயே புல் வளர்த்து மூடிவிட்டார்கள். பழைய நடைபாதைகளும் பாத்திகளும் அடியில் அப்படியே இருந்தன. மண் ஆழம் குறைவாக உள்ள இடத்தில் புல் சீக்கிரம் காயும், இல்லையா? அதுதான் கோலமாகத் தெரிந்தது. சுமார் 290 வருடம் ஒரு தோட்டம் புல்லுக்கு அடியில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. அதே இங்கிலாந்தில், சஃபோக் பகுதியில், சட்டன் ஹூ எஸ்டேட். எடித் ப்ரிட்டி என்கிற பணக்கார விதவையின் நிலம். வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் மண்மேடுகள். 'உள்ளே என்னதான் இருக்கிறது, பார்த்துவிடலாமே' என்று பேசில் பிரவுன் என்ற ஆளைக் கூப்பிட்டு வேலைக்கு வைத்தார். பிரவுன் பல்கலைக்கழகத்துப் படிப்பாளி அல்ல, தானாகவே கற்றுக்கொண்டவர். 1939-ல் பெரிய மேட்டைத் தோண்டியபோது துருப்பிடித்த இரும்பு ஆணிகள் வரிசை வரிசையாக வந்தன. மரம் முழுக்க மக்கிப்போய், மணலில் அதன் அச்சு மட்டும் மிச்சம். 27 மீட்டர் நீளக் கப்பல்! 7-ம் நூற்றாண்டு ஆங்கிலோ சாக்ஸன் மன்னன் ஒருவனை, தங்கமும் தலைக்கவசமுமாகக் கப்பலில் வைத்துப் புதைத்திருந்தார்கள். புதையல் யாருக்கு என்று விசாரணை நடந்தது. நிலத்துக்காரிக்கே என்று முடிவானது. அந்தம்மா என்ன செய்தார் தெரியுமா? அத்தனையையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார்.

அந்த மேட்டில் திருடர்கள் கைவைக்காமல் இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குழி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நடுவிடத்தைத் தவறவிட்டதால் புதையல் தப்பியது. ஆனாலும் விஷயம் ஒன்றுதான். நிலத்தைக் கூறுபோட்டு விற்காமல், அடித்தளம் தோண்டாமல் யாராவது சும்மா விட்டு வைத்திருந்தால், பழைய காலம் அங்கே பத்திரமாக இருக்கும். மானும் ஆடும் மேயட்டும், ஜன்னலைத் திறந்தால் பச்சைப் பசேலென்று தெரியட்டும் என்று பிரபுக்கள் ஆசைப்பட்டு வைத்திருந்த வெளிகள், அவர்களுக்கே தெரியாமல் சரித்திரத்தின் பேங்க் லாக்கராக வேலை பார்த்திருக்கின்றன.

சரி, நம்ம ஊரில் அப்படிப் புல்வெளி ஏது? பிரபு ஏது?

இருக்கிறது. பெயர்தான் வேறு. மேய்ச்சல் புறம்போக்கு. ஏரிக்கரை. ரிசர்வ் ஃபாரஸ்ட். அப்புறம், ராணுவத்தின் பரேடு மைதானம். அப்படி ஒரு பரேடு மைதானத்துக்கு எதிரேதான் இந்தியாவின் மிகப் பழைய சரித்திரம் முதன்முதலில் கண்விழித்தது. அதற்கும் சாட்சி வெயில்தான்!

1863 மே 30. கத்திரி கழிந்த ஓரிரு நாள். சென்னைக்குத் தெற்கே பல்லாவரம். அங்கே அப்போது ராணுவக் கன்டோன்மென்ட். பரேடு மைதானத்துக்கு எதிரே ஆழமில்லாத ஒரு கிராவல் குழி. ரோடு போடவோ தளம் நிரப்பவோ யாரோ செம்மண் சரளையைத் தோண்டி எடுத்த பள்ளம். அதன் ஓரத்தில் வாரிப்போட்டிருந்த கற்குவியலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு வெள்ளைக்காரர். வயது 28. பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவில் உத்தியோகம். 1858 டிசம்பரில் வேலையில் சேர்ந்தவர். எந்த ஊரில் என்ன பாறை இருக்கிறது என்று வரைபடம் போடுவது அவர் வேலை. அந்தக் குவியலில் இருந்து ஒரு கல்லை எடுத்தார்.

ஒரு கல். அவ்வளவுதான். அந்தக் குழியைத் தோண்டிய கூலியாட்கள் அதைத் தொட்டிருப்பார்கள், கூடையில் அள்ளியிருப்பார்கள், தூக்கி எறிந்திருப்பார்கள். பரேடுக்குப் போன சிப்பாய்கள் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். ஃபூட்டுக்கு மட்டும் ஏன் அது கல்லாகத் தெரியவில்லை?

அதற்குக் காரணம் நான்கு வருடம் முன்பு ஐரோப்பாவில் நடந்த ஒரு கலாட்டா. அங்கேயும் பள்ளம்தான் ஆரம்பம். 1797-ல் இங்கிலாந்தில் ஹாக்ஸன் என்ற ஊரில் செங்கல்லுக்குக் களிமண் எடுத்த குழியில், பன்னிரண்டு அடி ஆழத்தில், செதுக்கிய சிக்கிமுக்கிக் கற்கள் கிடைத்தன. ஜான் ஃப்ரேயர் என்பவர், 'இது உலோகமே தெரியாத மனிதர்களின் ஆயுதம், மிகமிகப் பழைய காலத்தது' என்று கடிதம் எழுதினார். மரியாதையாகப் படித்துவிட்டு மறந்துபோனார்கள். உலகம் பிறந்தது கி.மு. 4004-ல் என்று பாதிரியார் கணக்குப் போட்டு வைத்திருந்த காலம். அதற்கு முன்னால் மனிதன் எப்படி? பிறகு பிரான்ஸில் பூஷே த பெர்த் என்ற சுங்க அதிகாரி ஆற்றுச் சரளைக் குழிகளில் இதே மாதிரிக் கற்களைப் பொறுக்கி, புத்தகமே எழுதினார். கேலி செய்தார்கள். கடைசியில் 1859-ல் பிரெஸ்ட்விச், எவன்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் நேரே போய்ப் பார்த்துவிட்டு, 'மனுஷன் சொன்னது உண்மைதான்' என்று லண்டனில் அறிவித்தார்கள். டார்வின் புத்தகம் வெளியான அதே வருடம்! மனிதனின் வயது ஒரே நாளில் பல மடங்கு ஏறிப்போனது.

அந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொண்டுதான் மெட்ராஸ் வெயிலில் ஃபூட் நடந்துகொண்டிருந்தார். கையில் எடுத்த கல்லின் இரண்டு பக்கமும் செதில் செதிலாகத் தட்டி எடுத்த வடு. வாதாங்கொட்டை மாதிரி ஒரு முனை கூர், மறுமுனை மழுங்கல். கைக்கோடரி! இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி.

(இந்த ஃபூட்டுக்கு ஒரு தமிழ்த் தொடர்பும் உண்டு. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டவர். 'தினவர்த்தமானி' பத்திரிகை நடத்தியவர். மாமனார் தமிழரின் சொல்லைச் சேகரித்தார், மருமகன் கல்லைச் சேகரித்தார்!)

ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு பெரிதாகப் பேசமுடியாது. யாராவது வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டது என்று சொல்லிவிட்டால்? ஃபூட் தேடினார். நான்கு மாதம் கழித்து, 1863 செப்டம்பர் 28. கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கோடு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுக்குப் பக்கத்து ஓடை ஒன்றில் இறங்கினார். சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர். அத்திரம்பாக்கம் என்று பெயர். மழைத்தண்ணீர் அரித்த ஓடைக்கரையில் ஒன்று இரண்டு அல்ல, கும்பல் கும்பலாகக் கைக்கோடரிகள்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் பஸ் பிடித்துப் போகிறவர்கள், திருத்தணிக்கு முருகனைப் பார்க்கப் போகிறவர்கள், ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகிறவர்கள்... நம்மில் எத்தனையோ பேர் அந்த மாவட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் கடந்திருப்போம். அத்திரம்பாக்கம் என்ற போர்டைக் கவனித்திருப்போமா? உலகத் தொல்லியல் புத்தகங்களில் ஹரப்பாவுக்கு முன்னால் வரும் பெயர் அது.

ஃபூட் தன் கண்டுபிடிப்பை எழுதி 1866-ல் 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்டு சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. தென்னிந்தியா முழுக்க அலைந்து, நூற்றுக்கணக்கான இடங்களில் கல்லும் ஓடும் பொறுக்கினார். 1904-ல் அவருடைய சேகரிப்பு எழும்பூர் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் காலமானார். அஸ்தி, ஏற்காட்டில் சர்ச் வளாகத்தில் இருக்கிறது. ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் படகு சவாரி முடித்துவிட்டு அங்கேயும் ஒரு நடை போகலாம்.

1930-களில் நம்மூர் ஆள் வி.டி.கிருஷ்ணசாமி இந்தப் பக்கத்துக் கற்களை வரிசைப்படுத்திப் படித்தார். வெளிநாட்டிலிருந்து டி டெர்ரா, பேட்டர்ஸன் குழுவும் வந்து பார்த்தது. பஞ்சாப் பக்கத்தில் கூழாங்கல்லை உடைத்துச் செய்த கருவிகள், தெற்கே இரண்டு பக்கமும் செதுக்கிய கைக்கோடரிகள். இந்தத் தென்னாட்டு ரகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'மெட்ராஸ்'! 1996-ல் நாம் ஊர்ப் பெயரைச் சென்னை என்று மாற்றிவிட்டோம். கல்லுக்கு மட்டும் பழைய புத்தகங்களில் இன்னமும் மெட்ராஸ்தான்.

இனிமேல்தான் கதையில் முக்கியமான கட்டம்.

அத்திரம்பாக்கத்தில் மேலே செம்மண் சரளை. அதைத் தோண்டிக்கொண்டே போனால் கீழே அடுக்கடுக்கான சாம்பல் நிறக் களிமண் வரும். அந்தக் களிமண்ணைப் பார்த்ததும் பழைய ஆய்வாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 'இது ஸ்ரீபெரும்புதூர்ப் படிவம். டைனோசர் காலத்தது. பத்துக் கோடி வருடத்துக்கும் மேல் பழசு. இதற்குள் மனிதன் செய்த பொருள் இருக்க வாய்ப்பே இல்லை!' ரொம்ப நியாயமான முடிவுதான். 1963-64ல் இந்தியத் தொல்லியல் துறை சார்பில் கே.டி.பானர்ஜி இங்கே அகழாய்வு செய்தார். அதற்கப்புறமும் அந்த எண்ணம் மாறவில்லை. களிமண் வந்தால் கதை முடிந்தது. கடப்பாரையைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

1999-ல் சாந்தி பப்பு வந்தார். சென்னையில் சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த தொல்லியல் அறிஞர். அவருடைய குழு புதிதாகக் குழி போட்டது. களிமண் வந்தது. நிறுத்தவில்லை. களிமண்ணுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார்கள். உள்ளே... கைக்கோடரி! இன்னும் கீழே போனால் இன்னொன்று. மீட்டர் கணக்கில் ஆழம் போகப்போகக் கல் கருவிகள் வந்துகொண்டே இருந்தன. டைனோசர் களிமண் என்று ஒதுக்கியது டைனோசர் களிமண்ணே அல்ல. வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு கொண்டுவந்து படியவைத்த வண்டல். அந்த வண்டலில் பெரிய கல்லே கிடையாது. அப்படியானால் கருவி செய்யக் குவார்ட்சைட் கல்லை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மலைப்பக்கத்திலிருந்து சுமந்து வந்து, இங்கே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். விலங்குகளின் குளம்புத் தடங்கள்கூட அந்தச் சேற்றில் அப்படியே உறைந்திருந்தன. சில பற்களும் கிடைத்தன.

வயது? அதைச் சொல்ல வானத்திலிருந்து சாட்சி வந்தது. விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் இடைவிடாமல் பூமியின் மேல் பொழிந்துகொண்டிருக்கின்றன. வெட்டவெளியில் கிடக்கிற குவார்ட்ஸ் கல்லில் அவை பட்டால், உள்ளே இரண்டு அபூர்வ அணுவகைகள் உருவாகும். ஒன்று அலுமினியம்-26, மற்றது பெரிலியம்-10. கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் உற்பத்தி நின்றுவிடும். இருப்பு கரைய ஆரம்பிக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் கரையாது. அலுமினியம் சீக்கிரம் கரையும், பெரிலியம் அதைவிட மெதுவாக. இரண்டில் எது எவ்வளவு மிச்சம் என்று அளந்தால், கல் எப்போது புதைந்தது என்று சொல்லிவிடலாம். பிரான்ஸ் விஞ்ஞானிகள் அளந்தார்கள். கூடவே இன்னொரு சோதனை. பூமியின் காந்த வடக்கு எப்போதுமே வடக்கில் இருந்ததில்லை; சுமார் 7.8 லட்சம் வருடத்துக்கு முன்பு வரை அது தெற்கில் இருந்தது. வண்டல் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்தத் திசையை நினைவில் வைத்துக்கொள்ளும். அத்திரம்பாக்கம் களிமண் காட்டிய திசை... தலைகீழ்!

2011 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. சராசரியாக 15 லட்சம் வருடம். எப்படிக் குறைத்துப் பார்த்தாலும் 10 லட்சத்துக்குக் கீழே போகாது.

15 லட்சம் என்பது வாயால் சொல்லிவிடலாம். மனதில் நிற்காது. இப்படிக் கணக்குப் போடுங்கள். அந்த 15 லட்சம் வருடத்தையும் ஒரே ஒரு நாளாகச் சுருக்கினால், சங்க காலம் தொடங்கி இன்றுவரை உள்ள நம் மொத்தப் பெருமையும் கடைசி இரண்டு நிமிடம்! சாட்ஸ்வொர்த் பூந்தோட்டம்? 18 விநாடி.

அங்கே வாழ்ந்தவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள் அல்ல. நம் இனமே அப்போது தோன்றியிருக்கவில்லை. அவர்களின் எலும்பு ஒன்றுகூட அத்திரம்பாக்கத்தில் கிடைக்கவில்லை. அந்தப் பழைய மனித இனத்தின் மண்டை ஓடு என்று இந்தியாவில் பெயர் சொல்லும்படி கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். 1982-ல் மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரை ஹத்னோராவில் அருண் சோனாக்கியா கண்டெடுத்தது. மற்றபடி நமக்கு அவர்கள் விட்டுப்போனது இந்தக் கல் மட்டுமே.

2018-ல் அதே குழியின் மேல் அடுக்குகள் இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டன. பெரிய கைக்கோடரிகள் குறைந்து, திட்டமிட்டுச் சீவி எடுத்த சின்னச் சின்னக் கருவிகள் வருகிற அடுக்கு அது. இந்தப் புதுத் தொழில்நுட்பத்தை நம் இன மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி, சுமார் ஒண்ணேகால் லட்சம் வருடத்துக்கு முன்புதான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பது பலரும் சொல்லிவந்த கருத்து. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு, அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து மணல் துகள்களைச் சோதித்தது. வெயில் பட்டதும் மணல் துகளின் 'பேட்டரி' காலியாகும். மண்ணுக்குள் போனதும் மெதுவாக சார்ஜ் ஏறும். எவ்வளவு சார்ஜ் ஏறியிருக்கிறது என்று பார்த்து, கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று சொல்லும் முறை. வந்த விடை: 3.85 லட்சம் வருடத்தில் ஆரம்பித்து 1.72 லட்சம் வரை! 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. உலகெங்கும் வாதம் கிளம்பியது. ஒரு பிரிவினர் ஏற்கவில்லை, செய்தது யார் என்று தெரியாமல் எப்படி என்று கேட்டார்கள். கேட்கட்டும். கேள்வியை எழுப்பியது ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஓடை அல்லவா!

கல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் பக்கத்திலேயே குடியத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அல்லிக்குழி மலைத்தொடரின் காட்டுக்குள் பாறைக் குகைகள். மேலே நிமிர்ந்து பார்த்தால் கூரை முழுக்கக் கூழாங்கல். வேர்க்கடலை உருண்டையில் கடலை பதித்த மாதிரி, பாறைக்குள் வழவழப்பான உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும். ஒரு காலத்து ஆறு உருட்டிய கற்கள் இறுகிப் பாறையாகிவிட்டன. மழையில் பாறை கரைய, கல் உதிரும். உதிர்ந்த கல்தான் ஆதி மனிதனின் கச்சாப்பொருள். இன்றும் குகையில் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். ரிசர்வ் ஃபாரஸ்ட் என்பதால் யாரும் ஜல்லி உடைக்கவில்லை. இதுதான் நம்மூர்ப் பார்க்!

மலையிலிருந்து இறங்கினால் பூண்டி ஏரி. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த சத்தியமூர்த்தி சாகர். சென்னைக்குத் தண்ணீர் வேண்டும் என்று மேயராக இருந்தபோது மல்லுக்கட்டிய தீரர் சத்தியமூர்த்தி, அணை திறப்பதைப் பார்க்காமலே 1943-ல் போய்விட்டார். ஏரிக்குள் திருவெண்பாக்கம் என்ற பாடல் பெற்ற ஊர் மூழ்கியது. கோயிலை மட்டும் பெயர்த்துக் கரையில் கட்டினார்கள். சங்கிலியாரைப் பிரிந்த பாவத்தால் பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்த தலம் அது. ஊன்றீஸ்வரர் என்றே சாமிக்குப் பெயர். காலடியில் கிடப்பதைப் பார்க்கக் கண் இல்லாத நமக்கும் அங்கே ஒரு கோல் வைத்திருக்கிறார்கள்: 1985-ல் மாநிலத் தொல்லியல் துறை திறந்த கற்கால அருங்காட்சியகம். சின்னதுதான். அணையைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர் உள்ளே போனால் அதிசயம்.

இந்த மாவட்டத்தில் கற்காலத்தோடு கதை முடியவும் இல்லை. திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் வழியில் பட்டரைப்பெரும்புதூர். 2015-16ல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. கற்காலக் கருவி, தமிழி எழுத்துப் பொறித்த பானையோடு, சுடுமண் உறைகிணறு என்று ஒரே ஊரில் கிடைத்தன. ஆதி மனிதன் வந்துபோன இடத்திலேயே நம் தாத்தாக்களும் குடியிருந்திருக்கிறார்கள்.

இப்போது அந்தச் சங்கடமான விஷயத்துக்கு வருவோம்.

ஃபூட்டுக்குக் கல் கிடைத்தது எப்படி? யாரோ கிராவல் தோண்டியதால்! தோண்டாமல் இருந்திருந்தால் பல்லாவரம் கைக்கோடரி இன்றும் மண்ணுக்குள்தான். ஹாக்ஸனில் செங்கல் குழி, பிரான்ஸில் சரளைக் குழி, நமக்குக் கிராவல் குழி. ஆதி மனிதனை நமக்குக் காட்டிக்கொடுத்ததே கூலிக்கு மண் வெட்டியவர்கள்தான். அப்புறம் எந்த வாயால் 'தோண்டாதே' என்று சொல்வது?

வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. 1863-ல் குழியைத் தோண்டியது மண்வெட்டி. கூடையில் அள்ளி, ஓரத்தில் கொட்டினார்கள். ஒரு கல்லைக் கண்ணால் பார்க்க நேரம் இருந்தது. இன்று ஜேசிபி. ஒரு வாய்க்கு ஒரு வண்டி மண். திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதியில் கைக்கோடரி இருக்கும் அடுக்கும், காண்ட்ராக்டர் தேடுகிற அடுக்கும் ஒன்றேதான்: மேலே நாலைந்து அடி செம்மண் சரளை. ரோட்டுக்கு அடிமண், ஃபேக்டரித் தளத்துக்கு நிரவல், பிளாட் மேடாக்கக் கிராவல், எல்லாம் அதுதான். கும்மிடிப்பூண்டியில் ஒரு ஷெட் எழும்பவும், பைபாஸ் உயரவும், புறநகரில் நானும் நீங்களும் லோன் போட்டு வாங்கின மனை பள்ளமாக இல்லாமல் இருக்கவும் எங்கோ ஒரு மேடு பள்ளமாகத்தான் வேண்டும். இதில் யாரை வில்லன் என்பது? வேலை வேண்டும், வீடு வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. 2010-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கியவரிடம் போய், 'உங்கள் தெருவுக்கு அடியில் சரித்திரம் இருக்கிறது, மாடி கட்டாதீர்கள்' என்றால் அவர் சரித்திரத்தை வாழ்த்துவாரா? எடித் ப்ரிட்டி மாதிரித் தாராளமாக நடந்துகொள்ள முதலில் எஸ்டேட் வேண்டும். ஊர் வளர்ந்து வீடுகள் நெருங்கிய பிறகு எல்லை போடுவதைவிட, காலியாகக் கிடக்கும்போதே கல்லைத் தேடிப் பார்ப்பதுதான் சுலபம், செலவும் குறைவு. மண் எடுக்கவோ தொழிற்பேட்டை போடவோ ஒரு புறம்போக்கை ஒதுக்கும் முன்னால், கற்காலம் தெரிந்த நாலு பேர் பத்து நாள் அந்த நிலத்தில் குனிந்து நடக்கட்டும். இங்கிலாந்தில் 1990 முதல் கட்டட அனுமதி கொடுக்கும்போதே இதைப் பார்க்கிறார்கள். கட்டுகிறவர் செலவில் முதலில் தொல்லியல் ஆய்வு, பிறகுதான் அஸ்திவாரம். கட்டடமும் எழும்புகிறது, கீழே இருந்ததும் பதிவாகிவிடுகிறது. கார் கம்பெனிக்கு ஒரு மாதம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

பல்லாவரத்தில் அந்தக் குழியை இன்று தேடிப்போனால் காணமுடியாது. விமானம் தலைக்கு மேல் போகும், ஜிஎஸ்டி ரோட்டில் ஹாரன் சத்தம். அத்திரம்பாக்கம் ஓடை இன்னும் இருக்கிறது. அது தப்பியதற்கு ஃபூட்டின் புண்ணியம் பாதி என்றால், லாரி போக வசதியில்லாத இடம் என்பது மீதி!

கடைசியாக ஒரு உபயோகமான விஷயம். அடுத்த முறை உங்கள் மனைக்குச் செம்மண் லோடு வந்து கொட்டும்போது ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். ஆற்றுக் கூழாங்கல் என்றால் சுற்றிலும் வழவழவென்று இருக்கும். கிரஷரில் உடைந்த ஜல்லி என்றால் உடைந்த இடம் பளிச்சென்று புதிதாகத் தெரியும். இரண்டும் இல்லாமல் உள்ளங்கை அளவோ அதைவிடப் பெரிதாகவோ, இரண்டு பக்கமும் செதில் தட்டிய வடுக்கள், அவை சந்திக்கிற ஓரம் நெளிநெளியாகக் கூர், வடுக்களின் மேலேயும் பழைய மங்கல் நிறம்... இப்படி ஒன்று கண்ணில் பட்டால் அவசரப்பட்டுக் கழுவாதீர்கள், ஷோகேஸில் வைக்காதீர்கள். போனில் நாலு படம் எடுங்கள். பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய்க் காசு வையுங்கள். மண் எந்த ஊர்க் குவாரியிலிருந்து வந்தது என்று லாரி டிரைவர் அண்ணனிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லைவிட அந்த ஊர்ப் பெயர்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்கு முக்கியம். குவாரியிலேயே, வெட்டிய சுவரிலேயே கல் பதிந்திருப்பதைப் பார்த்தால் பிடுங்காமல் அப்படியே விடுங்கள். எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் வயது சொல்லமுடியும். எழும்பூர் ஹால்ஸ் ரோடு தமிழ் வளர்ச்சி வளாகத்தில் மாநிலத் தொல்லியல் துறை ஆபீஸ் இருக்கிறது. பூண்டிப் பக்கம் என்றால் அந்த அருங்காட்சியகத்திலேயே சொல்லலாம்.